தொழில்முனைவுப் பாடத்தைப் பற்றி மாணவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்று கேட்டறிவது எப்படி?

சென்னையில் இன்று தொழில்முனைவைப் பற்றிப் பேசாத கல்லூரி அரிது. 2016இல் அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு தன் ஸ்டார்ட்அப் கொள்கையை வெளியிட்டது. 2019இல் மாணவர்களுக்கும் ஆசிரியர்களுக்குமான தேசியப் புத்தாக்க, ஸ்டார்ட்அப் கொள்கை வந்தது. 2022 மார்ச்சில் தமிழ்நாடு அரசு மாணவர்களின் திறனை வளர்க்கும் ‘நான் முதல்வன்’ திட்டத்தைத் தொடங்கியது. தொழில்முனைவு மேம்பாட்டு மையம், புத்தாக்கக் குழு, விருப்பப் பாடம், சிறப்புரை, போட்டி என்று ஏதேனும் ஒரு வடிவில் இந்தக் கல்வி பொறியியல் கல்லூரிகளுக்குள்ளும் கலை, அறிவியல் கல்லூரிகளுக்குள்ளும் வந்துவிட்டது. ஆனால் அதைப் பெறுகிற மாணவர்கள் அதைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்பதற்கு நம் கையில் இருக்கும் சான்று பெரும்பாலும் பருவ இறுதியில் நிரப்பப்படும் ஒரு கருத்துப் படிவம் மட்டுமே. அதில் ‘மிக நன்று’ என்ற கட்டத்தில் டிக் அடித்துவிட்டு, வருகைப் பதிவு போடப்பட்டதா என்று உறுதி செய்துகொண்டு மாணவர்கள் கிளம்பிவிடுகிறார்கள். அந்தப் படிவங்களை வைத்துக்கொண்டு பாடத்தைத் திருத்த நினைக்கும் ஆசிரியருக்கு ஒரு துரும்பும் கிடைப்பதில்லை.

கல்லூரியின் தொழில்முனைவு மையத்தின் பொறுப்பை ஏற்றிருக்கும் ஆசிரியர்களுக்காகவும் அதன் மாணவச் செயலாளர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். மாணவர்களின் கருத்தை யார், எப்போது, எப்படிக் கேட்பது, கிடைத்த பதிலை எப்படிப் படிப்பது, அதைக் கொண்டு என்ன செய்வது என்பதே இதன் பொருள். மாணவருக்கு ஆர்வம் இருக்கிறதா என்று கேட்பதை விட்டுவிட்டு, அவர் இதுவரை என்ன செய்திருக்கிறார், எதைச் செய்ய நினைத்து விட்டுவிட்டார், ஏன் விட்டார் என்று கேட்க வேண்டும் என்பதையே நான் மீண்டும் மீண்டும் வலியுறுத்துவேன்.

எதைக் கேட்கிறோம் என்று முதலில் பிரித்துக்கொள்ளுங்கள்

‘தொழில்முனைவுக் கல்வி பற்றிய மாணவர் கருத்து’ என்று ஒரே தொடரில் சொல்லிவிடுகிறோம். அதற்குள் மூன்று தனித்தனிக் கேள்விகள் அடங்கியிருக்கின்றன. சொந்தத் தொழில் என்ற வாழ்க்கை வழியைப் பற்றி மாணவர் என்ன எண்ணுகிறார்? அதை வகுப்பறையில் கற்க முடியும் என்று நம்புகிறாரா? நாம் நடத்துகிற இந்தப் பாடம், இப்போது நடக்கிற விதத்தில், அவருக்குப் பயன்படுகிறதா? தொழில் தொடங்கியே தீருவேன் என்றிருக்கும் மாணவர் வகுப்பை வீண் என்று கருதலாம். வாழ்நாளில் தொழில் பக்கமே போகமாட்டேன் என்னும் மாணவி, கணக்குப் பார்க்கவும் நாலு பேர் முன்னால் தயங்காமல் பேசவும் கற்றுக்கொடுத்ததற்காக அதே வகுப்பை விரும்பலாம். மூன்றையும் கலந்து கேட்டுச் சராசரி எடுத்தால், இருவருமே அந்தச் சராசரிக்குள் காணாமல் போய்விடுவார்கள்.

இந்தத் துறையில் அதிகம் பயன்படும் அடிப்படை, உளவியலாளர் ஐசெக் அஜ்சென் 1991இல் விரிவாக எழுதிய திட்டமிட்ட நடத்தைக் கோட்பாடு. ஒருவர் ஒன்றைச் செய்ய எண்ணுவதை மூன்று தீர்மானிக்கின்றன என்கிறது அது: அந்தச் செயலைப் பற்றிய அவருடைய மனப்பான்மை, அவருக்கு முக்கியமானவர்கள் அதைப் பற்றி என்ன நினைப்பார்கள் என்ற எண்ணம், தன்னால் அதைச் செய்ய முடியும் என்ற நம்பிக்கை. இதை அடியொற்றி லின்யான், சென் என்ற இருவர் ஸ்பெயின், தைவான் நாட்டு மாணவர்களிடம் சோதித்து 2009இல் வெளியிட்ட வினாத்தொகுப்பை உலகெங்கும் ஆய்வாளர்கள் எடுத்தாள்கிறார்கள். நீங்களும் எடுத்தாளலாம், ஆனால் வார்த்தைக்கு வார்த்தை அப்படியே எடுக்காதீர்கள். ‘உங்கள் நெருங்கிய குடும்பத்தினர் இந்த முடிவை ஏற்பார்களா?’ என்ற ஒற்றைக் கேள்வி, கல்விக் கடன் கட்ட வேண்டிய அப்பா, வேலைக்குச் சொல்லிவைத்திருக்கும் தாய்மாமா, திருமணத்துக்குக் காத்திருக்கும் அக்கா, ‘பையன் எங்கே வேலை பார்க்கிறான்?’ என்று விசாரிக்கும் பக்கத்து வீடு ஆகிய அனைவரையும் ஒரே கட்டத்துக்குள் அடைத்துவிடும். நம் மாணவரின் தயக்கம் பெரும்பாலும் அந்தக் கட்டத்துக்குள்தான் இருக்கிறது. எனவே அதை மூன்று நான்கு கேள்விகளாகப் பிரித்து எழுதுங்கள்.

எண் குறைந்தால் பதற வேண்டாம்

வேலையைத் தொடங்கும் முன்பே மையப் பொறுப்பாளரும் முதல்வரும் தங்களுக்குள் பேசி முடிவு செய்ய வேண்டிய ஒன்று உண்டு. பாடம் முடிந்த பிறகு தொழில் தொடங்கும் எண்ணம் குறைந்திருந்தால் அதைத் தோல்வி என்று கொள்வதா?

நெதர்லாந்தின் ஒரு கல்லூரியில், மாணவர்களே சிறு நிறுவனம் ஒன்றை நடத்திப் பார்க்கும் திட்டத்தை ஆராய்ந்து ஓஸ்டர்பீக்கும் அவருடைய சக ஆய்வாளர்களும் 2010இல் கட்டுரை வெளியிட்டார்கள். மாணவர்கள் தங்கள் திறனைப் பற்றிச் சொன்ன மதிப்பீட்டில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. தொழில் தொடங்கும் எண்ணமோ குறைந்திருந்தது. அதே ஆண்டு வெளியான, ஜெர்மனியின் மியூனிக் நகரில் நடந்த ஆய்விலும் பாடத்துக்குப் பின் எண்ணம் சற்றுக் குறைந்தது. ஆனால் அந்த ஆய்வாளர்கள் அதை வேறு கோணத்தில் படித்தார்கள்: தனக்கு இது ஒத்துவருமா வராதா என்று மாணவர் தெரிந்துகொள்ளப் பாடம் உதவியிருக்கிறது. 2014இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த பே என்பவரும் அவருடைய குழுவினரும், இந்தக் கல்விக்கும் தொழில் எண்ணத்துக்கும் சிறிய தொடர்பு இருப்பதாகவும், பாடத்துக்கு முன்பே மாணவருக்கு இருந்த எண்ணத்தைக் கணக்கில் எடுத்துக்கொண்டால் அந்தத் தொடர்பும் பொருட்படுத்தத்தக்கதாக நிற்பதில்லை என்றும் கண்டார்கள்.

மியூனிக் வாசிப்பையே நான் ஏற்கிறேன். மூன்றாம் ஆண்டிலேயே ‘இது எனக்கு வேண்டாம்’ என்று தெளிந்த மாணவர், பெற்றோரின் சேமிப்பைப் போட்டு இழந்த பின் தெளிந்தவரைவிட நல்ல நிலையில் இருக்கிறார். ‘இப்போது வேண்டாம், பிறகு பார்க்கலாம்’ என்பவரையும் குறைத்து மதிப்பிடக் கூடாது. அமெரிக்காவில் மிக வேகமாக வளர்ந்த நிறுவனங்களைத் தொடங்கியவர்களின் சராசரி வயது 45 என்று 2020இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. நம் ஊரிலேயே கிரிஷ் மாத்ருபூதம் மென்பொருள் நிறுவனமான சோஹோவில் பல ஆண்டுகள் பணியாற்றிய பின்னரே 2010இல் ஃப்ரெஷ்வொர்க்ஸைத் தொடங்கினார். ‘முதலில் ஐந்து ஆண்டு வேலை’ என்று எழுதும் மாணவரின் பதிலில் இருப்பது கோழைத்தனம் என்று நாம் முடிவுகட்ட எந்த ஆதாரமும் இல்லை. முதல்வரிடம் இதை முன்கூட்டியே சொல்லிவையுங்கள். இல்லாவிட்டால் எண் ஏற வேண்டும் என்ற அழுத்தம் கேள்விகளுக்குள்ளேயே புகுந்துவிடும்.

கேள்விகளை எழுதுதல்

‘தொழில்முனைவோராக உங்களுக்கு ஆர்வம் உண்டா?’ என்ற கேள்வியை முதலில் நீக்குங்கள். தொழில்முனைவு வகுப்பில் அமர்ந்து, அந்த ஆசிரியரே நீட்டிய தாளில், ‘இல்லை’ என்று எழுத எந்த மாணவருக்கும் மனம் வராது. அந்த இடத்தில் இப்படிக் கேட்கலாம்: ‘கடந்த 12 மாதங்களில், மாதச் சம்பளம் அல்லாத வழியில் நீங்கள் பணம் ஈட்டியதுண்டா? என்ன செய்தீர்கள்? முதலில் பணம் கொடுத்தவர் யார்? உங்கள் கையிலிருந்து எவ்வளவு போட்டீர்கள்?’

இந்தக் கேள்விக்கு வரும் பதில்களைப் படிக்கும்போது வகுப்பே புதிதாகத் தெரியும். வாட்ஸ்அப் குழுவில் சேலை விற்கும் மாணவி, மணப்பெண்ணுக்கு மெஹந்தி போடுபவர், கொளத்தூரில் அலங்கார மீன் வாங்கித் தன் பகுதியில் விற்பவர், ரிச்சி தெருவில் உதிரிப்பாகம் வாங்கி விடுதி நண்பர்களின் கைபேசியைப் பழுதுபார்ப்பவர், எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுப்பவர் என்று பலரும் வெளியே வருவார்கள். இவர்களில் பலர் ‘தொழில் அனுபவம் உண்டா?’ என்ற கட்டத்தில் ‘இல்லை’ என்று போட்டிருப்பார்கள்.

என் வகுப்பில் அமர்ந்திருந்த ஒரு மாணவரைச் சொல்ல வேண்டும். கல்யாண மண்டபங்களில் பந்தி பரிமாறும் பையன்களுக்கு அவர்தான் தலைவர். முகூர்த்த நாள்களின் பட்டியல் அவருடைய கைபேசியில் இருக்கும். கேட்டரிங் காண்ட்ராக்டர் அழைத்து ‘ஞாயிறு காலை டிபனுக்கு பதினைந்து பேர்’ என்றால், கடைசி நேரத்தில் இரண்டு பேர் வராமல் போவார்கள் என்று கணக்கிட்டு பதினேழு பேரிடம் சொல்லிவைப்பார். கறுப்பு பேன்ட், வெள்ளைச் சட்டை, ஷூ என்று எல்லாம் சரியாக இருக்கிறதா என்று மண்டபத்து வாசலில் பார்த்தே உள்ளே அனுப்புவார். பணம் அன்றே வந்தால் அன்றே பிரித்துக்கொடுப்பார். காண்ட்ராக்டர் இழுத்தடித்தால், தன் கையிலிருந்து பாதியைக் கொடுத்துப் பையன்களைத் தக்கவைத்துக்கொள்வார்; அவர்கள் போய்விட்டால் அடுத்த முகூர்த்தத்துக்கு ஆள் இல்லை. நடைமுறை மூலதனம், அதாவது தொழிலை அன்றாடம் ஓட்டத் தேவைப்படும் பணம், என்றால் என்ன என்று கரும்பலகையில் நாங்கள் விளக்கிக்கொண்டிருந்த வாரங்களில் அதை அவர் ஒவ்வொரு ஞாயிறும் செய்துகொண்டிருந்தார். படிவத்தில் தொழில் அனுபவம் ‘இல்லை’ என்றே இருந்தது. கேள்வி சரியாக இருந்திருந்தால் அந்தப் பாடத்தை அவரையே நடத்தச் சொல்லியிருக்கலாம்.

அடுத்தது வீட்டைப் பற்றிய கேள்வி. ‘குடும்ப ஆதரவு எந்த அளவு உள்ளது?’ என்று ஒன்று முதல் ஐந்து வரை எண் போடச் சொன்னால் பெரும்பாலோர் மூன்று போடுவார்கள். ‘வேலைக்குப் போகவில்லை, தொழில் தொடங்கப்போகிறேன் என்று இன்றிரவு வீட்டில் சொன்னால், முதலில் மறுத்துப் பேசுபவர் யார்? அவர் சொல்லப்போகும் முதல் வாக்கியத்தை அப்படியே எழுதுங்கள்’ என்று கேட்டுப் பாருங்கள். ‘லோனை யார் கட்டுறது?’ என்று ஒரு தாளில் இருக்கும். ‘முதல்ல ஒரு வேலைல சேரு, அப்புறம் பாத்துக்கலாம்’ என்று அடுத்ததில் இருக்கும். ‘தங்கச்சி கல்யாணம் முடியட்டும்’, ‘நம்ம கடையையே பார்த்துக்க ஆள் இல்ல, நீ என்ன புதுசா?’, ‘பொம்பளப் புள்ள மார்க்கெட்டுக்கெல்லாம் தனியா போவியா?’ என்றெல்லாம் வரும். ஒவ்வொரு வாக்கியமும் ஒவ்வொரு தடையைக் காட்டும். முதலாவது கடனைப் பற்றியது, நான்காவது வாரிசுரிமையைப் பற்றியது, ஐந்தாவது பெண்ணின் நடமாட்டத்தைப் பற்றியது. மூன்றுக்கும் ஒரே ஊக்க உரை மருந்தாகாது.

பாடத்தைப் பற்றிக் கேட்க இரண்டே கேள்விகள் போதும் என்பது என் கணிப்பு. ‘இந்தப் பாடத்தில் கற்ற ஒன்றை வகுப்புக்கு வெளியே பயன்படுத்தியிருந்தால், எங்கே, எப்படி என்று எழுதுங்கள்’ என்பது ஒன்று. ‘இந்தப் பாடமே இல்லாமல் போயிருந்தால் உங்களுக்கு எது கிடைக்காமல் போயிருக்கும்?’ என்பது மற்றது. இரண்டாவது கேள்விக்குச் சிலர் ‘எதுவுமில்லை’ என்று எழுதுவார்கள். அந்தத் தாள்களைத் தனியே எடுத்துவைத்து மற்ற பதில்களோடு சேர்த்துப் படியுங்கள். யாருக்கு நம் பாடம் போய்ச் சேரவில்லை என்பது அங்கேதான் தெரியும்.

ரென்சிஸ் லைக்கர்ட் 1932இல் அறிமுகப்படுத்திய ‘முழுவதும் உடன்படுகிறேன்’ முதல் ‘சற்றும் உடன்படவில்லை’ வரையிலான அளவுகோலை முற்றிலும் விட வேண்டியதில்லை. பத்துக் கூற்றுகளுக்கு மேல் வேண்டாம். சில கூற்றுகளை எதிர்மறையாக அமையுங்கள். படிக்காமலே ஒரே வரிசையில் டிக் அடித்துச் செல்பவரை அது காட்டிக்கொடுக்கும். ‘பாடமும் சிறப்புரைகளும் பயனுள்ளவையாக இருந்தன’ என்பது போல் இரண்டை ஒன்றாகக் கட்டாதீர்கள். தமிழிலும் ஆங்கிலத்திலும் கேள்விகள் அருகருகே இருக்கட்டும். எந்த மொழியிலும், ஆங்கில எழுத்தில் தமிழாகவும்கூட, பதில் எழுதலாம் என்று மேலேயே சொல்லிவிடுங்கள். மொத்தப் படிவமும் 15 நிமிடத்துக்குள் முடிய வேண்டும். அச்சடிக்கும் முன் நான்கைந்து மாணவர்களை உட்காரவைத்து ஒவ்வொரு கேள்வியையும் உரக்கப் படித்து, தங்களுக்கு என்ன புரிந்தது என்று சொல்லச் சொல்லுங்கள். அந்த அரை மணி நேரம் பிறகு வரும் பல குழப்பங்களைத் தவிர்க்கும்.

யார் கேட்பது, எப்போது கேட்பது

இன்டர்னல் மார்க் போடுகிற ஆசிரியர் கையால் படிவம் தரப்படக் கூடாது. வேறு துறை ஆசிரியரோ, முடிந்தால் பழைய மாணவர் ஒருவரோ வந்து தரட்டும். பாட ஆசிரியர் அறையில் இருக்கக் கூடாது. மின்னஞ்சல் முகவரியைத் தானாகவே பதிவு செய்துகொள்ளும் இணையப் படிவத்தைவிடப் பெயரில்லாத தாளும் மூடிய பெட்டியும் மேல். பாடத்துக்கு முன்னும் பின்னும் வரும் தாள்களைப் பொருத்திப் பார்க்க, மாணவரே உருவாக்கும் குறியீடு ஒன்றைப் பயன்படுத்தலாம்: அம்மா பெயரின் கடைசி எழுத்து, பிறந்த தேதியின் நாள், படித்த பள்ளியின் முதல் எழுத்து என்பது போல. முதலாண்டு மாணவர்களில் பலர் 18 வயது நிறையாதவர்கள் என்பதையும் மறக்க வேண்டாம். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அவர்களைக் குழந்தைகள் என்றே வரையறுத்து, அவர்களுடைய தரவைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதலைக் கேட்கிறது. பெயரும் எண்ணும் வாங்காமல் இருப்பதே நேர்மையான வழி, எளிய வழியும் அதுவே.

இறுதியாண்டு மாணவர்களிடம் ப்ளேஸ்மென்ட் நடந்துகொண்டிருக்கும் மாதங்களில் கேட்காதீர்கள். வேலை கிடைத்த மறுநாள் எழுதும் பதிலும், நேர்காணலில் கழிக்கப்பட்ட மறுநாள் எழுதும் பதிலும் அந்தந்த நாளின் மனநிலையையே சொல்லும். பருவம் தொடங்கி மூன்றாவது வாரத்தில் ஒரு முறை, மாதிரித் தேர்வுக்கு முந்தைய வாரத்தில் ஒரு முறை, ஓராண்டு கழித்து இன்னொரு முறை என்று வைத்துக்கொள்ளலாம். ஒற்றைப்படைப் பருவத்தில் இரண்டாவது முறையை வடகிழக்குப் பருவமழைக்கு விட்டுவிட்டால், மழை விடுமுறையில் பாதி வகுப்பு வராது. தாம்பரத்துக்கு அப்பாலிருந்தும் திருவள்ளூரிலிருந்தும் வருகிறவர்களின் குரலே முதலில் விடுபட்டுப்போகும்.

உட்கார்ந்து பேசுங்கள்

தாள் காட்டாததைப் பேச்சு காட்டும். ஆறு முதல் எட்டுப் பேர் கொண்ட குழுக்களாக, துறைத் தலைவர் அறையைத் தவிர்த்து, கேன்டீன் ஓரமாகவோ காலியான வகுப்பிலோ பேசுங்கள். குழுக்களைப் பிரிக்கும்போது மதிப்பெண்ணைப் பார்க்காமல் வாழ்க்கைச் சூழலைப் பாருங்கள். விடுதி மாணவர்கள் ஒரு குழு. தினமும் வந்துபோகிறவர்கள் ஒரு குழு. குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்தவர்கள் ஒரு குழு. வீட்டில் கடையோ பட்டறையோ உள்ளவர்கள் ஒரு குழு. பெண்களோடு ஒரு முறையாவது தனியே பேசுங்கள்.

இப்படிப் பிரித்தால்தான் தெரியவரும் ஒன்றை எடுத்துக்காட்டாகச் சொல்கிறேன். பல கல்லூரிகளில் தொழில்முனைவு மையத்தின் நிகழ்ச்சிகள் வகுப்புகள் முடிந்தபின் மாலையில் நடக்கின்றன. கும்மிடிப்பூண்டிக்கோ அரக்கோணத்துக்கோ மின்சார ரயில் பிடிக்க வேண்டிய மாணவி அந்த நேரத்துக்குள் பிளாட்பாரத்தில் நிற்க வேண்டும். காலை ஷிப்ட் கலைக் கல்லூரி மாணவர் மதியமே துணிக்கடையிலோ டெலிவரியிலோ வேலைக்குப் போய்விடுவார். ஆக, மையத்தின் முழுப் பயனும் விடுதியில் இருப்பவர்களுக்கே போகிறது. வராதவர்களை ‘ஆர்வமில்லாதவர்கள்’ என்று நாம் குறித்துக்கொள்கிறோம். அவர்களில் பலர் அந்த மாலையில் பணம் ஈட்டிக்கொண்டிருக்கிறார்கள். இதை அறிந்த பிறகும் நிகழ்ச்சியை மாலையிலேயே வைப்பது நியாயமில்லை என்று உறுதியாகச் சொல்வேன்.

குழுவில் முதல் கேள்வி அவர்களைப் பற்றியதாக இருக்க வேண்டாம். ‘உங்கள் தெருவில் ஒரு கடை மூடப்பட்டிருந்தால், ஏன் மூடினார்கள் என்று நினைக்கிறீர்கள்?’ என்று தொடங்குங்கள். எல்லோருக்கும் தெரிந்த ஒரு கடை இருக்கும். வாடகை, கடன் பாக்கி, பாலம் கட்டியதால் போன வாடிக்கை, பங்காளிச் சண்டை என்று பேச்சு தானாக வளரும். அங்கிருந்து அவர்களுடைய சொந்த அச்சங்களுக்கு வர அதிக நேரம் ஆகாது. நீங்கள் குறுக்கிட்டு விளக்கம் தராமல் இருப்பதுதான் கடினம். ‘அப்படியெல்லாம் இல்லை, அரசுத் திட்டம் இருக்கிறது’ என்று ஆசிரியர் ஒரு முறை சொல்லிவிட்டால், அதற்குப் பிறகு யாரும் மனம் திறக்கமாட்டார்கள். குறித்துக்கொண்டு, அடுத்த வகுப்பில் விளக்குங்கள்.

சிறப்புரைகளைப் பற்றி மாணவர்கள் சொல்வதைக் கூர்ந்து கேளுங்கள். வெற்றி பெற்றவரை அழைத்துவந்து பேசவைப்பதை அவர்கள் வெறுப்பதில்லை. கதை மட்டும் கேட்டு அலுத்திருக்கிறார்கள். சி.கே. ரங்கநாதன் 1983இல் 15,000 ரூபாயுடன் தொடங்கி கெவின்கேரை வளர்த்ததை அவர்கள் ஏற்கெனவே கேள்விப்பட்டிருக்கிறார்கள். அப்படி ஒரு தொகையை வைத்துக்கொண்டு முதல் மாதம் எதற்குச் செலவழிப்பது, கடைக்காரர் எத்தனை நாள் கடன் சொல்வார், சரக்கு திரும்பி வந்தால் யார் தலையில் விழும் என்பவையே அவர்களுக்குத் தேவைப்படும் விவரங்கள். இதே குறையைப் பவர்பாயின்ட் வணிகத் திட்டப் போட்டிகளைப் பற்றியும் சொல்வார்கள்: நன்றாகப் பேசுபவர் வெல்கிறார், அடுத்த நாள் அந்தத் திட்டம் யாருக்கும் நினைவில்லை.

பதில்களைப் படிக்கும்போது

கணினியில் ஏற்றிச் சராசரி காண்பதற்கு முன், எல்லாத் தாள்களையும் ஒருமுறை கையில் எடுத்துப் படியுங்கள். பிறகு எண்ணிக்கைக்கு வாருங்கள். அறுபது பேர் வகுப்பில் சராசரி 3.4இலிருந்து 3.6 ஆனதாகச் சொல்வதில் பொருளில்லை. எத்தனை பேர் மேலே போனார்கள், எத்தனை பேர் கீழே வந்தார்கள், அவர்கள் எந்தக் குழுவைச் சேர்ந்தவர்கள் என்று சொல்வதில் பொருள் உண்டு. படிவம் தராதவர்கள் எத்தனை பேர் என்பதையும் அறிக்கையில் எழுதுங்கள்.

சொல்லைவிடச் செயலை அளப்பதற்கு நம் நாட்டிலேயே பழைய முன்மாதிரி ஒன்று இருக்கிறது. 1964இல் தொடங்கி அமெரிக்க உளவியலாளர் டேவிட் மெக்லெலண்ட், ஹைதராபாத்தின் சிறுதொழில் விரிவாக்கப் பயிற்சி நிறுவனத்தோடு சேர்ந்து, காக்கிநாடாவின் தொழில், வணிகத் துறையினருக்குச் சாதிக்க வேண்டும் என்ற உந்துதலை வளர்க்கும் ‘சாதனை ஊக்கப் பயிற்சி’ அளித்தார். பயிற்சி பிடித்திருந்ததா என்று கேட்டதோடு அவர்கள் நிற்கவில்லை. பயிற்சிக்குப் பிறகு யார் புதிய முதலீடு செய்தார்கள், யார் கூடுதலாக ஆள் சேர்த்தார்கள் என்று பின்தொடர்ந்து பார்த்து, பயிற்சி பெறாதவர்களோடு ஒப்பிட்டார்கள். மாணவர்களுக்கு அந்த அளவுகோல் பெரிது. ஆனால் சிறிய செயல்களை எண்ணலாம்: முன்பின் தெரியாத ஒருவரிடம் எதையாவது விற்க முயன்றாரா? வரவுசெலவு எழுதினாரா? மொத்த விலையும் சில்லறை விலையும் விசாரிக்கப் பாரிமுனைக்கோ கோயம்பேட்டுக்கோ போனாரா? யாரோடாவது கூட்டுச் சேர்ந்து ஒரு வேலையை முடித்தாரா?

அதே பருவத்தில் ஒன்றை மாற்றுங்கள்

கேட்டுவிட்டு எதையும் செய்யாமல் இருந்தால், அடுத்த ஆண்டு யாரும் உண்மையை எழுதமாட்டார்கள். பாடத்திட்டத்தை மாற்றப் பல்கலைக்கழகத்தின் ஒப்புதல் வேண்டும். அதுவரை காத்திருக்க வேண்டாம். உங்கள் கையில் இருப்பதில் ஒன்றை மாற்றுங்கள். மாலை நிகழ்ச்சியை வகுப்பு நேரத்துக்குள் கொண்டுவருவது முதலில் செய்யத்தக்க மாற்றம். அடுத்து, ஒரு வணிகத் திட்டப் போட்டியை நிறுத்திவிட்டு, கல்லூரி கலைவிழாவில் ஸ்டால் போடும் குழுக்களிடம் கணக்குப் புத்தகம் கேளுங்கள். லாபத்துக்கு மதிப்பெண் வேண்டாம். எந்தப் பொருள் ஏன் மிஞ்சியது, யாருக்குக் கடன் கொடுத்தார்கள், தங்கள் உழைப்பு நேரத்துக்கு என்ன கூலி வைத்தார்கள் என்பதை விளக்குவதற்கு மதிப்பெண் கொடுங்கள். 1958இல் தொடங்கப்பட்ட கிண்டி தொழிற்பேட்டை நகருக்குள்ளேயே இருக்கிறது. முன்அனுமதி பெற்று ஒரு சிறு பட்டறைக்கு அழைத்துச் சென்று, முதலாளியிடம் அவருடைய கடினமான ஆண்டைப் பற்றி மட்டும் கேட்கச் சொல்லுங்கள்.

கடனைப் பற்றிய அச்சம் தாள்களில் மிகுந்திருந்தால், ஒரு முழு வகுப்பை அதற்கே ஒதுக்குங்கள். குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள் (எம்.எஸ்.எம்.இ.) அமைச்சகத்தில் தொழிலைப் பதிவு செய்யும் உத்யம் பதிவுக்குக் கட்டணம் இல்லை என்பதும், படித்த முதல் தலைமுறைத் தொழில்முனைவோருக்கு மானியத்தோடு கடன் பெற்றுத்தரும் நீட்ஸ் திட்டத்தைத் தமிழ்நாடு அரசு நடத்துகிறது என்பதும் இறுதியாண்டு மாணவர் பலருக்குத் தெரிவதில்லை. மாவட்டத் தொழில் மையத்தின் அலுவலரையோ, வங்கிக் கிளை மேலாளரையோ அழைத்து, எந்த விண்ணப்பம் ஏன் திருப்பி அனுப்பப்படுகிறது என்று விளக்கச் சொன்னால், பத்துச் சிறப்புரைகள் தராததை அது தரும். வீட்டின் எதிர்ப்பு மிகுந்திருந்தால், பெற்றோர் சந்திப்பு நாளில் அவர்களையும் அழைத்துப் பேசுங்கள். அவர்களுடைய அச்சத்துக்குக் காரணம் இருக்கிறது, அதை மதித்துப் பேசினால் கேட்பார்கள்.

மாற்றத்தைச் செய்தபின், ‘நீங்கள் இப்படிச் சொன்னீர்கள், அதனால் இதை மாற்றியிருக்கிறோம், இதை மட்டும் இப்போது மாற்ற முடியவில்லை, காரணம் இது’ என்று ஒரு பக்கத்தில் எழுதி, துறை அறிவிப்புப் பலகையிலும் வகுப்பின் வாட்ஸ்அப் குழுவிலும் போடுங்கள். தர மதிப்பீட்டுக் குழுவுக்கான அறிக்கை இதற்குப் பிறகு வரட்டும். தாள்களைப் பொறுப்பாளரின் மேசையில் வைக்காமல் பூட்டிய அலமாரியில் வையுங்கள். இறுதியாண்டு மாணவர்கள் வெளியேறும்போது, தங்கள் குறியீட்டை நினைவில் வைத்திருக்கச் சொல்லி, ஓராண்டு கழித்து வரப்போகும் மூன்றாவது படிவத்துக்காக ஒரு தொடர்பு எண்ணை விருப்பமுள்ளவர்களிடம் மட்டும், படிவங்களோடு சேராத தனிப் பட்டியலில், வாங்கிக்கொள்ளுங்கள். அந்தப் பட்டியல் அடுத்த பொறுப்பாளர் கைக்கு எழுத்துமூலம் போய்ச் சேர வேண்டும்.